கப்பா, மக்கா, டம்ளரா? அன்றாடப் பொருள்களின் ஆங்கிலப் பெயர்களைப் பிரித்தறிவது எப்படி

கேள்வி இது: "கப், மக், கிளாஸ், டம்ளர், பாட்டில், ஜார், பிளாங்கெட், குவில்ட், கம்ஃபர்ட்டர், டூவே, கேக், பிஸ்கட். அகராதியைப் புரட்டினால் பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்கு ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் எதை வைத்து இவற்றைப் பிரிக்கிறார்கள்? மனப்பாடம் செய்வதைத் தவிர வழி உண்டா?"

உண்டு. ஆனால் அதை அகராதியில் தேடினால் கிடைக்காது. அகராதி பெரும்பாலும் உருவத்தைச் சொல்லும்: கைப்பிடி உண்டா, வாய் அகலமா, எவ்வளவு ஆழம் என்று. பேசுகிறவர்களோ அதற்குள் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெயர் சொல்கிறார்கள். பல நேரம் உருவம் இரண்டாம்பட்சமாகிவிடும். நான் கரூரில் ஹோம் டெக்ஸ்டைல்ஸ் ஏற்றுமதியில் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கிறவன். அதனால் படுக்கைத் துணி பற்றி வரும்போது கொஞ்சம் நீட்டிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கப்.

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் அவர் பயன்படுத்தியவை வெறும் கோட்டுப் படங்கள். முதல் படம் கைப்பிடி வைத்த சாதாரண கப். அடுத்தடுத்த படங்களில் ஆழம் மாறாது, வாய் மட்டும் அகலமாகிக்கொண்டே போகும்; கடைசியில் அகலம் ஆழத்தைப் போல இரண்டரை மடங்கு. ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். முதல் படத்தை எல்லோரும் கப் என்றார்கள். அகலம் கூடக்கூட பவுல் என்கிறவர்கள் அதிகமானார்கள். ஆனால் இந்த இடத்தில்தான் கப் முடிந்து பவுல் தொடங்குகிறது என்று ஒரு கோடு எங்கேயும் விழவில்லை.

சுவாரசியம் அதற்கு அப்புறம்தான். அதே படங்களைக் காட்டி, "இதில் காபி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிறகு, "இது சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது, உள்ளே மசித்த உருளைக்கிழங்கு இருக்கிறது" என்றார். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் காபியோடு கப்பாக இருந்த பாத்திரம் உருளைக்கிழங்கோடு பலருக்கு பவுல் ஆகிவிட்டது. பூ வைத்திருப்பதாகச் சொன்னபோது வாஸ் என்றவர்களும் உண்டு. உங்கள் கேள்விக்கு அந்தப் படங்களே பாதி பதில்.

நம் ஊர் டபராவை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். அகலம் அதிகம், ஆழம் குறைவு, கைப்பிடி கிடையாது. வெறுமனே காட்டினால் ஆங்கிலம் பேசுகிறவர் சின்ன பவுல் என்பார். டம்ளரை அதற்குள் நிறுத்திக் காட்டினால் சாஸர் என்று சொல்லவும் வாய்ப்புண்டு. சாஸர் என்பது ஒன்றும் மோசமான பெயர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சூடான தேநீரைச் சாஸரில் ஊற்றி ஆறவைத்து அதிலிருந்தே குடிக்கிற பழக்கம் இருந்தது. ஏறக்குறைய டபரா பார்த்த வேலையைத்தான் சாஸர் பார்த்திருக்கிறது. இன்று அது கப்புக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் தட்டு.

அந்தச் சாஸர்தான் கப்பையும் மக்கையும் பிரிக்க எளிய அடையாளமும்கூட. சாஸரோடு வருவது கப், சாஸர் இல்லாமல் நேராக மேஜையில் வைப்பது மக். மற்ற வித்தியாசங்களையெல்லாம் இதிலிருந்தே ஊகித்துவிடலாம். கப் மெல்லியது, வாய்ப்பக்கம் விரிந்தது, விருந்தாளிக்குக் கொடுப்பது. மக் கனமானது, செங்குத்தான சுவர் கொண்டது, நிறையப் பிடிக்கும், அலுவலக மேஜையில் மணிக்கணக்காகக் கிடக்கும். கைப்பிடி இருந்தால்தான் கப் என்று நினைத்துவிடாதீர்கள். சீனாவிலிருந்து முதலில் ஐரோப்பாவுக்குப் போன தேநீர்க் கப்புகளுக்குக் கைப்பிடியே கிடையாது. பேப்பர் கப்புக்கும் கிடையாது, முட்டை வைக்கிற எக் கப்புக்கும் கிடையாது.

நம்மவர்களுக்கு மக்கில் இன்னொரு சிக்கல். நமக்கு மக் என்றால் பாதிப் பேருக்குக் குளியலறை பிளாஸ்டிக் மக்தான் கண்ணில் நிற்கும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அதற்கு அந்தப் பெயர் புரியாது. வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிக்கும் வழக்கமே அங்கே இல்லாததால் அதற்கென்று நிலைத்த பெயரும் இல்லை. வெளிநாட்டு விடுதியில் பாத்ரூமுக்கு மக் வேண்டும் என்று கேட்டால் காபி மக்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிக் கேட்பதுதான் வழி.

கிளாஸ் விஷயத்தில் ஆங்கிலம் கறாரானது. கிளாஸ் என்ற பெயரே கண்ணாடியிலிருந்து வந்தது என்பதால் கண்ணாடியில் செய்ததைத்தான் அப்படிச் சொல்வார்கள். "ஸ்டீல் கிளாஸ்" இந்திய ஆங்கிலத்தில் சர்வசாதாரணம், அமெரிக்கக் காதுக்கு அது இரும்பாலான கண்ணாடி. பிளாஸ்டிக்கில் இருந்தால் அவர்களுக்கு அது பெரும்பாலும் கப். அப்படியானால் நம் எவர்சில்வர் டம்ளரை என்னவென்று சொல்வது? டம்ளர் என்றே சொல்லலாம், முன்னால் ஸ்டீல் என்று சேர்த்துக்கொண்டால் போதும். ஆங்கிலத்தில் டம்ளர் என்பது காம்பும் கைப்பிடியும் இல்லாத, தட்டையான அடி கொண்ட, நேரான பாத்திரம். வேடிக்கை என்னவென்றால் ஆரம்பகால டம்ளருக்கு அடி உருண்டையாகவோ கூராகவோ இருந்தது. கீழே வைத்தால் உருண்டுவிடும், அதனால் குடித்து முடித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். உருள்வதால் வந்த பெயர் உருளாத பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது அமெரிக்காவில் டம்ளர் என்றால் மூடியும் ஸ்ட்ராவும் வைத்து, சூடோ குளிரோ மணிக்கணக்கில் தாங்குகிற பெரிய ஸ்டீல் பாத்திரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நம் ஊர்க் காபி டம்ளரைப் போல நான்கைந்து மடங்கு பிடிக்கும்.

சமையல் குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே வரும் கப் ஒரு பாத்திரம் இல்லை, அளவு. அமெரிக்க கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலிய கப் 250 மில்லி, எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி. குக்கர் கப்பில் மாவை அளந்துகொண்டு அமெரிக்கக் குறிப்புப்படி கேக் செய்தால் கால்வாசி மாவு குறையும்.

இதே இடத்தில் ஒரு சின்ன இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தடுமாறுவது இதில்தான். "டீ கப்" என்றால் ஆங்கிலத்தில் பாத்திரம். உள்ளே டீ இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. "எ கப் ஆஃப் டீ" என்றால் டீ. பாத்திரம் எதுவானாலும் கவலையில்லை. வைன் கிளாஸ் உடைந்தது என்றால் தரையில் கண்ணாடி. கிளாஸ் ஆஃப் வைன் வேண்டும் என்றால் குடிக்க வேண்டும். நாமும் "ஒரு கப் டீ", "டீ கப்" என்று வரிசையை மாற்றித்தான் இதைச் சொல்கிறோம், ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஏனோ "ஐ வான்ட் ஒன் டீ கப்" என்று எழுதிவிடுகிறோம்.

பாட்டிலும் ஜாரும் இவ்வளவு சிக்கலில்லை. கழுத்துக் குறுகலாக இருந்து, சாய்த்து ஊற்றினால் பாட்டில். வாய் அகலமாக இருந்து, கரண்டியோ கையோ உள்ளே போனால் ஜார். ஜாம், ஊறுகாய், காபித்தூள் எல்லாம் ஜாரில்தான். நாம் "ஊறுகாய் பாட்டில்", "ஹார்லிக்ஸ் பாட்டில்" என்று சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஜார் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் "மிக்ஸி ஜார்" என்று சரியாகச் சொல்கிறோம், பாருங்கள். பார்பரா மால்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1999இல் இப்படிப்பட்ட 60 சாதாரண டப்பா, புட்டிகளை ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம் பேசுகிறவர்களிடம் காட்டினார்கள். எது எதைப் போல இருக்கிறது என்று கேட்டபோது மூன்று தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சொன்னது. பெயர் சொல்லச் சொன்னபோது மட்டும் ஒவ்வொரு மொழியிலும் வேறு வேறு குவியல்களாகப் பிரிந்தன. ஆகவே உங்களுக்கு இந்தப் பெயர்கள் குழம்புகின்றன என்றால் பொருளைப் பார்ப்பதில் ஒரு கோளாறும் இல்லை. அவர்கள் பிரித்த கோடு வேறு இடத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஜக், பிட்சர் பற்றி ஒரு வரி: பிரிட்டனில் ஜக் என்றால் நாம் சொல்கிற அதே தண்ணீர் ஜக், அமெரிக்காவில் அதற்குப் பெயர் பிட்சர், அவர்களுடைய ஜக் பால் விற்கும் குறுகிய வாய்ப் பெரிய கேன்.

சரி, படுக்கைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் "பெட்ஷீட் போர்த்திக்கிட்டுத் தூங்கு" என்று சொல்லாத வீடு இல்லை. கட்டிலில் விரிப்பதும் பெட்ஷீட், மேலே போர்த்துவதும் பெட்ஷீட், கம்பளி மாதிரி கனமாக இருந்தாலும் பல வீடுகளில் பெட்ஷீட்தான். ஆங்கிலத்தில் ஷீட் என்றால் ஒற்றை அடுக்கு மெல்லிய துணி மட்டுமே. அதிலும் இரண்டு உண்டு. நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து மெத்தையைக் கவ்விக்கொள்வது ஃபிட்டட் ஷீட். சும்மா நீள்சதுரமாக இருப்பது ஃபிளாட் ஷீட். அமெரிக்காவில் ஃபிளாட் ஷீட்டை மேலே போர்த்திக்கொண்டு அதற்கு மேல் கனமானதைப் போர்த்துவார்கள், ஆகவே நம் வழக்கம் முழுத் தப்பென்றும் சொல்ல முடியாது.

கனமானவற்றில்தான் குழப்பம் எல்லாம். பிளாங்கெட் என்றால் துணி ஒன்றுதான், ஆனால் அதுவே கெட்டியாக நெய்தது. கம்பளியோ பருத்தியோ ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைத் துணியோ எதுவானாலும் சரி. அதற்குள் எதையும் அடைக்க மாட்டார்கள். அடைத்துவிட்டால் வேறு குடும்பம். மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி, மூன்றையும் ஊடுருவித் தையல் ஓடினால் குவில்ட். அந்தத் தையலின் வடிவமே அதற்கு அழகு, அதனால் குவில்ட்டை மூடிவைக்க மாட்டார்கள். நல்ல குவில்ட்டைச் சுவரில் மாட்டி வைக்கிறவர்களும் உண்டு.

கம்ஃபர்ட்டர் அமெரிக்கச் சொல். குவில்ட்டை விடத் தடிமன், உள்ளே புஸுபுஸுவென்று இருக்கும், தையல் பஞ்சு நகராமல் இருக்கும் அளவுக்குத்தான். அதன் வெளித்துணியிலேயே டிசைன் இருக்கும், அப்படியே போர்த்திக்கொள்ளலாம். டூவே பார்ப்பதற்கு அதே மாதிரி, ஆனால் வெளித்துணி வெறும் வெள்ளை. அதை உறை போட்டுத்தான் பயன்படுத்துவார்கள். தலையணைக்கு உறை போடுவது போலத்தான். டிசைன் எல்லாம் அந்த உறையில், அதாவது டூவே கவரில். துவைக்க வேண்டியதும் அதைத்தான். டூவே என்பது பிரெஞ்சில் பறவையின் மென்தூவி. கரூரிலிருந்து டூவே கவர் போகிறது என்றால் உள்ளே பஞ்சு இருக்காது, வெறும் பெரிய பை. புதிதாகச் சேர்ந்தவர்கள் எடையைக் கணக்குப் போடும்போது ஆடிப்போவது இங்கேதான்.

இவ்வளவும் அமெரிக்கக் கணக்கு. பிரிட்டனில் கம்ஃபர்ட்டர் என்ற பெயர் அவ்வளவாகப் புழங்காது, எல்லாம் டூவே. அதையே குவில்ட் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஏனென்றால் டூவே அங்கே பரவத் தொடங்கிய காலத்தில் அதற்கு கான்டினென்டல் குவில்ட் என்று பெயர். வெதுவெதுப்பை டாக் என்ற அலகில் எழுதியிருப்பார்கள்: 4.5 கோடைக்கு, 13.5 கடுங்குளிருக்கு. அமெரிக்கக் கம்ஃபர்ட்டரில் டாக் எண்ணைத் தேடினால் கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் இதே பொருளுக்கு டூனா என்று பெயர்.

அளவுப் பெயரும் ஏமாற்றும். அமெரிக்க கிங் மெத்தை 76 அங்குல அகலம், 80 அங்குல நீளம். பிரிட்டன் கிங் 150 சென்டிமீட்டருக்கு 200 சென்டிமீட்டர், அதாவது சுமார் 59 அங்குல அகலம்தான். பிரிட்டனின் கிங் அமெரிக்காவின் குவீனுக்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டு நாட்டுக்கும் ஒரே கேட்டலாக் அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தலையணை உறையும் அப்படியே. பிரிட்டனில் சாதாரண உறைக்கு ஹவுஸ்வைஃப் பில்லோகேஸ் என்று பெயர். நாலு பக்கமும் தட்டையான விளிம்பு வைத்தது ஆக்ஸ்ஃபர்ட். விளிம்பு வைத்து, பின்பக்கம் திறப்பு வைத்து, அலங்காரத்துக்காக முன்னால் நிறுத்துகிற உறையை அமெரிக்கர்கள் ஷாம் என்பார்கள். அதில் தலை வைத்துத் தூங்க மாட்டார்கள். உறங்குவதற்கு ஒரு தலையணை, பார்ப்பதற்கு ஒரு தலையணை. இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றும், ஆனால் ஊருக்கே இதனால்தான் வேலை.

துவாலையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பாத்திரம் துடைக்கிற பருத்தித் துணி பிரிட்டனில் டீ டவல், அமெரிக்காவில் டிஷ் டவல் அல்லது கிச்சன் டவல். எங்களிடம் ஆர்டர்களைக் கவனிக்கப் புதிதாக வந்த ஒரு மெர்ச்சண்டைசர், சரக்கு வாங்குகிற பிரிட்டன் பையருக்குக் கிச்சன் டவல் என்று போட்டு விலை அனுப்பினார். "நாங்கள் பேப்பர் வாங்குவதில்லையே" என்று பதில் வந்தது. அங்கே பலருக்குக் கிச்சன் டவல் என்றால் சமையலறைக் காகிதச் சுருள். நாம் "டர்க்கி டவல்" என்று சொல்கிற, நூல் சுருள் சுருளாக நிற்கும் துவாலைக்கு வியாபார ஆங்கிலத்தில் டெர்ரி டவல் என்று பெயர். டர்க்கிஷ் டவல் என்று எழுதினால் இப்போதைய பையர்களில் பலர் சுருளே இல்லாத, மெல்லிய, ஓரத்தில் குஞ்சம் வைத்த துணியை எதிர்பார்ப்பார்கள்.

போர்வைக்கும் உடைக்கும் நடுவே கோடு எங்கே என்று ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஸ்னகி என்று ஒன்று அமெரிக்காவில் டிவி விளம்பரத்தில் பெரிதாக ஓடியது: கைகள் வைத்த ஃபிளீஸ் போர்வை. கை வைத்திருப்பதால் அது உடை, 14.9 சதவீத இறக்குமதி வரி என்றது சுங்கத்துறை. இல்லை, போர்வை, 8.5 சதவீதம்தான் என்றது இறக்குமதி செய்த நிறுவனம். பாதிரியார் அங்கி, பட்டமளிப்பு விழா அங்கி எல்லாம் இப்படித்தானே தொளதொளவென்று இருக்கின்றன, அவை உடைதானே என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2017இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அதைப் போர்வை என்றே தீர்ப்பளித்தது. முதுகுப்பக்கம் மூட வழியில்லை, விற்றதே "கை வைத்த போர்வை" என்றுதான், உட்கார்ந்தோ படுத்தோ குளிர் காய்வதற்குத்தான் வாங்குகிறார்கள். லபோவ் படத்தில் உருளைக்கிழங்கு செய்த வேலையை இங்கே சோபா செய்திருக்கிறது.

பெயரில் வரி தொங்குகிறபோதுதான் இந்தச் சொற்களை மனிதர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. இந்த வகையில் எனக்குப் பிடித்த வழக்கு ஜாஃபா கேக்.

பிரிட்டனில் 1927இலிருந்து விற்கிற சின்னப் பண்டம் அது. அடியில் வட்டமான ஸ்பாஞ்ச், அதன் மேல் ஆரஞ்சு ஜெல்லி, அதை மூடி சாக்லேட். அங்கே வாட் வரியில் ஒரு விசித்திரம்: கேக்குக்கு வரி கிடையாது, சாதாரண பிஸ்கட்டுக்கும் கிடையாது, ஆனால் சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி. ஜாஃபா கேக் உண்மையில் பிஸ்கட்தான் என்று வரித்துறை சொன்னது. அளவைப் பாருங்கள், கடையில் எந்த வரிசையில் இருக்கிறது பாருங்கள், பாக்கெட்டைப் பாருங்கள் என்றது. 1991இல் தீர்ப்பாயம் ஒவ்வொரு அம்சமாக எடுத்துப் பார்த்தது. பெயரில் கேக் என்று இருப்பதை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெயர் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அளவு பிஸ்கட் மாதிரி, விற்கிற இடம் பிஸ்கட் அலமாரி, சாப்பிடுவதும் பிஸ்கட் போலக் கையால் எடுத்து. ஆனால் மாவு கேக் மாவு, முட்டையும் சர்க்கரையும் சேர்த்த நீர்த்த கலவை. தொட்டால் மெத்தென்று இருக்கிறது, பிஸ்கட் போலச் சடக்கென்று உடையவில்லை. அப்புறம் எல்லோரும் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிற வாதம்: பழசானால் என்ன ஆகிறது? கேக் கெட்டியாகும், பிஸ்கட் இளகும். ஜாஃபா கேக் கெட்டியாகிறது. இரண்டின் குணமும் கலந்திருந்தாலும் கேக் என்று சொல்லப் போதுமானது இருக்கிறது என்று முடித்தார்கள்.

தமிழில் இந்தச் சோதனை ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. பிஸ்கட் நமத்துப்போகும், கேக் காய்ந்துபோகும். மாற்றிச் சொல்லிப் பாருங்கள், வராது. பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கேக்கில் ஈரம் உண்டு, நாளாக ஆக அது வெளியேறுகிறது, மாவுச்சத்தும் இறுகுகிறது. முறுக்கு, தட்டை, அப்பளம் எல்லாம் பிஸ்கட் கட்சி. ரொட்டியும் இட்லியும் கேக் கட்சி.

இந்தப் பிரிவு அமெரிக்காவில் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். நாம் பிஸ்கட் என்பதற்கு அங்கே குக்கி என்றோ கிராக்கர் என்றோ பெயர். அவர்களுடைய பிஸ்கட் மெத்தென்ற உப்பு பன் மாதிரி, தென்மாநிலங்களில் கிரேவி ஊற்றிக் காலை உணவாகச் சாப்பிடுவார்கள். முதல் தடவை அமெரிக்கா போகிறவர் "பிஸ்கட்ஸ் அண்ட் கிரேவி" என்று மெனுவில் பார்த்தால் குட் டே பிஸ்கட்டைக் குருமாவில் போட்டுத் தருகிறார்களோ என்று பயந்துவிட வேண்டாம்.

நம் நாட்டிலும் இதே மாதிரி நடந்தது. ஜிஎஸ்டி அட்டவணையில் "சாதாரண சப்பாத்தி அல்லது ரொட்டி" என்று எழுதியிருந்ததற்கு 5 சதவீதம். பாக்கெட்டில் வருகிற பரோட்டா அதில் அடங்குமா? 2020இல் கர்நாடக முன்கூட்டித் தீர்ப்பு ஆணையம் அடங்காது என்றது: அந்த வகை அப்படியே சாப்பிடத் தயாரானவற்றுக்கு, பாக்கெட் பரோட்டாவைக் கல்லில் போட்டுச் சுட வேண்டியிருக்கிறது, ஆகவே 18 சதவீதம். மதுரைக்காரர்கள் கொதித்தது ஞாபகம் இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சப்பாத்தி, ரொட்டி, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரியே இல்லை என்று ஆகிவிட்டதால் பரோட்டா ரொட்டியா என்ற கேள்விக்கு வேலையும் போய்விட்டது.

நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற வேறு சில சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காட் என்றால் நமக்குக் கட்டில். பிரிட்டனில் அது குழந்தைக்கான கம்பி வைத்த தொட்டில், அமெரிக்காவில் மடக்கு முகாம் படுக்கை. லண்டன் ஹோட்டலில் அப்பாவுக்காக எக்ஸ்ட்ரா காட் கேட்டால் குழந்தை எங்கே என்று தேடுவார்கள். எக்ஸ்ட்ரா பெட் என்று கேளுங்கள். பர்ஸ் நம் ஊரில் ஆண்களின் பின்பாக்கெட்டில் இருக்கும். ஆங்கிலத்தில் அது வாலட். பர்ஸ் என்றால் பிரிட்டனில் பெண்கள் வைத்திருக்கும் சின்னப் பணப்பை, அமெரிக்காவில் முழு ஹேண்ட்பேக். பீரோ என்று நாம் சொல்கிற ஸ்டீல் அலமாரி பிரிட்டனில் வார்ட்ரோப். அவர்களுடைய பீரோ சாய்வு மூடி வைத்த எழுதுமேஜை, அமெரிக்கர்களுடைய பீரோ இழுப்பறைப் பெட்டி. சேரும் ஸ்டூலும் முதுகுச் சாய்வால் பிரிகின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள், ஆனால் முதுகுச் சாய்வு வைத்த பார் ஸ்டூலும் உண்டு, அதை யாரும் சேர் என்று சொல்வதில்லை. உயரமான மேசைக்கு முன்னால் ஏறி உட்காருவது என்பதுதான் அங்கே பெயரைத் தீர்மானிக்கிறது. பூச்செடி மண்ணோடு இருந்தால் பாட், பறித்த பூ தண்ணீரில் நின்றால் வாஸ். உயரமும் அகலமும் ஒன்றாகவே இருந்தாலும் அப்படித்தான்.

படிக்கும் விதம் பற்றி எனக்குத் தோன்றுவது இது. கப் என்றால் என்ன, மக் என்றால் என்ன என்று தனித்தனியாக விளக்கத்தைப் படிக்காதீர்கள். எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வருகிறது என்று பாருங்கள்: டீ கப், காபி மக், ஜாம் ஜார், வைன் கிளாஸ், சூப் பவுல், மில்க் ஜக். இந்த ஜோடிகளுக்குள்ளேயே பொருளின் வேலையும் இடமும் அடங்கியிருக்கின்றன. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைப் போட்டுப் படங்களைத் தேடுங்கள், முதல் இருபது படத்தைப் பார்த்தாலே நடுவில் எது இருக்கிறது, விளிம்பில் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும். தேடும்போது பிரிட்டன் கடையா அமெரிக்கக் கடையா என்பதையும் கவனியுங்கள். விளிம்பில் இருப்பதைப் பற்றி இரண்டு ஆங்கிலேயர்களே சண்டை போடுவார்கள், அதில் நீங்கள் எதைச் சொன்னாலும் தப்பில்லை.

பேச்சுக்கு இது போதும். வியாபாரக் கடிதம் என்றால் பெயரை மட்டும் நம்பவே கூடாது. பெயர், அதற்குப் பக்கத்திலேயே சென்டிமீட்டரில் அளவு, துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு), உள்ளே அடைப்பு உண்டா இல்லையா, எந்தப் பக்கம் திறப்பு, இவ்வளவையும் ஒரே வரியில் போட்டு, ஒரு படத்தையும் இணைத்து அனுப்புங்கள். குவில்ட் என்று நீங்கள் எழுதியதை அவர் டூவே என்று நினைத்துக்கொண்டாலும் சாம்பிள் சரியாகப் போய்ச் சேரும்.